பேரேடு முதல் மூன்று இலக்க எண் வரை

அமெரிக்கா: அன்றும் இன்றும் – 17

பெஞ்சமின் பிராங்க்ளின் 1790 ஏப்ரல் 17 அன்று பிலடெல்பியாவில் காலமானார். நூறு டாலர் நோட்டில் இன்றும் அவர் முகம்தான். சிக்கனம் என்றால் அமெரிக்கர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அவருடைய 'ஏழை ரிச்சர்ட்' பஞ்சாங்கம் கால் நூற்றாண்டுக் காலம் வீட்டுக்கு வீடு போய், உழை, சேமி, கடன் வாங்காதே என்று ஓதியது. இருபதாம் நூற்றாண்டில் 'சிக்கன வாரம்' என்று ஒன்றைக் கொண்டாடத் தொடங்கியபோது, அவர் பிறந்த நாளான ஜனவரி 17-ஐத்தான் அதற்குத் தொடக்க நாளாக வைத்தார்கள்.

அந்தப் பிராங்க்ளின் தன் உயிலில் என்ன எழுதி வைத்தார்? பிறந்த ஊரான பாஸ்டனுக்கும் வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு. தொழில் பழகி முடித்த, கல்யாணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு அந்தப் பணத்தை 5 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 15 பவுண்டுக்குக் குறையாமல், 60 பவுண்டுக்கு மிகாமல். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அசலில் பத்தில் ஒரு பங்கை வட்டியோடு வருஷா வருஷம் கட்டிவர வேண்டும். இப்படி இருநூறு ஆண்டு அந்தப் பணம் சுழல வேண்டும். தான் அச்சுக்கூடம் தொடங்கியதே இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனில்தான் என்ற காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். 1990-இல் கணக்கை முடித்தபோது பாஸ்டன் நிதியில் 40 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம்.

சிக்கனத்தின் ஆசான் தவணைக் கடனுக்கு முதல் வைத்துவிட்டுப் போனார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்கர் கைக்காசுக்குள் வாழ்ந்தார், இந்தக் காலத்தவர் அட்டையைத் தேய்த்து வாழ்கிறார் என்று ஒரு புலம்பல் அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. 1920-களில் இருந்த பெரியவர்களும் இதையே சொன்னார்கள், தங்கள் தாத்தா காலத்தைக் காட்டி. அந்தத் தாத்தாக்களும் கடனில்தான் இருந்தார்கள். மாறியது வேறு: யாரிடம் பட்ட கடன், கட்ட முடியாவிட்டால் யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது.

குடியேற்றக் காலத்தில் கையில் காசு புழங்குவதே அரிது. உழவர் கடையில் உப்பும் துணியும் ஆணியும் கணக்கு வைத்து வாங்குவார். அறுவடை முடிந்ததும் பாக்கியைத் தீர்ப்பார், அல்லது அடுத்த ஆண்டுப் பக்கத்துக்குத் தள்ளுவார். கடைக்காரர் ஊரிலேயே இருந்தார். தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நெருக்கம் இருந்தது என்பதற்காக இரக்கமும் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விடுதலைப் போர் முடிந்த கையோடு, 1786-இல், மேற்கு மாசசூசெட்ஸ் உழவர்கள் துப்பாக்கியோடு போய் நீதிமன்றங்களை மூடினார்கள். கடனுக்கு நிலத்தை ஜப்தி செய்யும் தீர்ப்புகள் அங்கேதான் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், வாஷிங்டனின் படையில் கேப்டனாக இருந்தவர்.

கடன் கட்டாதவருக்குச் சிறை. அதில் பெரிய மனிதர், சிறிய மனிதர் பேதம் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ராபர்ட் மோரிஸ், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர். நில வியாபாரத்தில் நொடித்து 1798-இல் பிலடெல்பியாவின் புரூன் தெருச் சிறைக்குப் போனார். ஜார்ஜ் வாஷிங்டன் அந்தச் சிறைக்குள்ளேயே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். 1800-இல் வந்த திவால் சட்டத்தால்தான் மோரிஸ் அடுத்த ஆண்டு வெளியே வந்தார். கடனுக்குச் சிறை என்பதை மத்திய சட்டம் 1833-இல் கைவிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

தாமஸ் ஜெஃபர்சன் சிறைக்குப் போகவில்லை. 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளில், ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடனோடு இறந்துபோனார். அவர் பேரன் அந்தக் கடனைப் பல பத்தாண்டுகள் கட்டினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முதல் தவணை 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணை வீட்டு முற்றத்தில் வசூலானது. நாற்காலி, மேசை, கால்நடைகளோடு 130 அடிமைகளையும் ஏலம் போட்டார்கள். ஜோசப் ஃபாசெட் என்ற கொல்லரை ஜெஃபர்சன் உயிலில் விடுதலை செய்திருந்தார். அவர் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இல்லை, ஏலத்தில் போனார்கள். பழைய அமெரிக்காவின் நாணயத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஏலம்தான் ஞாபகம் வருகிறது. அந்த நாணயத்துக்கு விலை கொடுத்தவர்கள் பல நேரங்களில் வேறு ஆட்கள்.

ஆனாலும் அந்த நாணயம் வெறும் வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது.

நியூ சேலம் என்ற சிற்றூரில் இளைஞர் ஆபிரகாம் லிங்கன் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கடை போட்டார். கடை நொடித்தது, கூட்டாளியும் இறந்தார், இருவர் பங்கையும் சேர்த்துச் சுமார் 1,100 டாலர் லிங்கன் தலையில் விழுந்தது. அன்று அது அவருடைய பல வருஷ வருமானம். நீதிமன்றம் அவருடைய குதிரையையும் நில அளவைக் கருவிகளையும் ஜப்தி செய்தது. நண்பர் ஒருவர் கருவிகளை ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். பலர் அந்த நிலையில் ராத்திரியோடு ராத்திரியாக மேற்கே கிளம்பிவிடுவது வழக்கம். லிங்கன் இருந்து கட்டினார். 'தேசியக் கடன்' என்று அதற்குக் கேலியாகப் பெயரும் வைத்தார்.

மார்க் ட்வைன் கதை இதைவிடப் பெரிது. சொந்தப் பதிப்பகம் ஒன்று. எழுத்துக்களைத் தானே கோக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டிய இயந்திரம் ஒன்று. இரண்டும் சேர்ந்து அவரை விழுங்கின. 1894-இல் பதிப்பகம் மூழ்கியது. சட்டப்படி மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டுக் கிடைத்ததைப் பகிர்ந்தளித்திருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. டாலருக்கு டாலர் கட்டியே தீர வேண்டும் என்பதில் அவர் மனைவி ஒலிவியா உறுதியாக இருந்தார். அறுபதை நெருங்கிய ட்வைன் 1895-இல் உலகம் சுற்றி மேடையேறிப் பேசக் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முடித்து 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து பம்பாய்க்கு வந்தார். கல்கத்தா, டார்ஜிலிங் வரை போனார். இருமலோடும் கட்டிகளோடும் அவர் நம் பக்கத்துக் கடல்களைக் கடந்தது ஊர் பார்க்கும் ஆசையால் மட்டும் அல்ல. 1898-இல் கடைசி டாலர் வரை அடைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை வீரர் போலக் கொண்டாடின.

மூன்றாவது ஆள் ஹாரி ட்ரூமன். முதல் உலகப் போர் முடிந்து வந்து, படைத் தோழர் எடி ஜேக்கப்சனோடு கான்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை திறந்தார். 1922-இல் கடை மூடியது. ஜேக்கப்சன் பிறகு திவால் மனு கொடுத்தார். ட்ரூமன் கொடுக்கவில்லை. 1930-கள் வரை அந்தக் கடன் அவரைத் துரத்தியது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஒருவர் வட்டிக்கும் அசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

இவர்கள் ஏன் அப்படி இருந்தார்கள்? தனிமனித குணம் ஒரு காரணம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று. 1841-இல் லூயிஸ் டாப்பன் என்ற நியூயார்க் வணிகர் ஒரு புதுத் தொழில் தொடங்கினார். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்றவர்; கடன் கொடுத்துக் கொடுத்தே 1837 நெருக்கடியில் நொடித்துப்போனவர். ஊருக்கு ஊர் வழக்கறிஞர்களைத் தகவலாளர்களாக வைத்து, அந்தந்த ஊர் வியாபாரிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வாங்கினார். குடிப்பாரா, சூதாடுவாரா, மாமனாருக்குச் சொத்து உண்டா, சொன்ன சொல் தவறாதவரா: எல்லாம் பெரிய பேரேடுகளில் ஏறின. பணம் கட்டிய மொத்த வியாபாரிகள் நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே விசாரித்துக்கொள்ளலாம். இல்லினாய்ஸில் தகவல் எழுதியவர்களில் வழக்கறிஞர் லிங்கனும் ஒருவர். அந்தப் பேரேட்டில் ஒரு மனிதரின் நடத்தை வாக்கியமாக எழுதப்பட்டிருந்தது. வம்பும் சாதியுணர்வு போன்ற இனவெறுப்பும் அதில் கலந்தே இருந்தன.

தெற்கில் பேரேடு இன்னொரு முகம் காட்டியது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, நிலமில்லாத கறுப்பின உழவர்கள் விதையும் சோளமாவும் வாங்க வேண்டிய இடம் கடைதான்; ஈடு, இன்னும் விளையாத பருத்தி. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு வேறு விலை. கணக்கு எழுதுபவர் கடைக்காரர், படிக்கத் தெரியாதவர் உழவர். ஆண்டு முடிவில் பாக்கி நிற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சேமித்தாவது மேலே வரலாம் என்றால் அதற்கும் இடமில்லாமல் போனது. அவர்களுக்காக 1865-இல் தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கியின் பணத்தை நிர்வாகிகள் கண்ட இடத்தில் முதலீடு செய்து தொலைத்தார்கள். கடைசி நேரத்தில் அடிமை ஒழிப்புப் போராளி ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் தன் பணம் 10,000 டாலரைப் போட்டும் பயனில்லை. 1874-இல் வங்கி மூடியபோது கணக்கு வைத்திருந்தவர்கள் 61,000 பேருக்கு மேல். சேமி, சேமி என்று போதித்தவர்களை நம்பி முதல் தலைமுறை சேமித்த காசு அது.

இனி தவணைக்கு வருவோம். சிங்கர் கம்பெனி 1856-லேயே தையல் இயந்திரத்தை 5 டாலர் முன்பணத்துக்குக் கொடுத்து, மீதியை மாதா மாதம் வசூலித்தது. ஆனால் தவணையை நடுத்தர வர்க்கத்துக்கு மரியாதைக்குரியதாக ஆக்கியது கார். ஹென்றி ஃபோர்டு பழைய ஆள். ரொக்கம் கொடு, காரை எடு என்பதே அவர் கொள்கை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இல் கடன் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. ஃபோர்டு 1923-இல் எதிர்த்திட்டம் ஒன்று கொண்டுவந்தார்: வாரம் 5 டாலர் கட்டி வாருங்கள், முழு விலை சேர்ந்ததும் கார் தருகிறோம். பிராங்க்ளின் பஞ்சாங்கம் கேட்டால் கைதட்டியிருக்கும். வாங்குபவர்கள் தட்டவில்லை. இன்றே ஓட்டிப் போகலாம் என்று பக்கத்துக் கடையில் சொல்லும்போது யார் காத்திருப்பார்கள்? 1928-இல் ஃபோர்டும் கடன் கம்பெனி ஆரம்பித்தார். அதற்குள் புதுக்கார்களில் பெரும்பகுதி தவணையில்தான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு தத்துவமும் தேவைப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் எட்வின் செலிக்மன், ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் ஆராய்ந்து, 1927-இல் இரண்டு தொகுதி நூல் வெளியிட்டார். தவணை மனிதரைக் கெடுக்காது, திட்டமிட்டு வாழப் பழக்கும் என்பது அதன் சாரம். யார் காசில் எழுதினார் என்பது கண்ணை உறுத்தினாலும், வாதத்தில் விஷயம் இருக்கிறது. மாதத் தவணை கட்டுகிறவர் சோம்பியிருக்க முடியாது. வேலையை உதறவும் முடியாது. முதலாளிகளுக்கு இது எவ்வளவு வசதி என்பதைச் செலிக்மன் விரித்து எழுதியிருந்தால் நூல் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

சிக்கனப் புலம்பல்காரர்கள் தங்கள் பொற்காலமாகக் காட்டத் தகுந்த ஆண்டுகள் என்றால், என் கணக்கில் 1942 முதல் 1945 வரைதான். குழந்தைகள் 10 சென்ட் சேமிப்பு முத்திரை வில்லைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தார்கள். 18 டாலர் 75 சென்ட் கொடுத்தால் பத்தாண்டில் 25 டாலராகும் போர்ப் பத்திரத்தை எட்டரைக் கோடிப் பேர் வாங்கினார்கள். 1944-இல் மக்கள் வரி போகக் கையில் நின்ற வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கைச் சேமித்தார்கள். தேசபக்தி பெரிய காரணம். ஆனால் 1942 பிப்ரவரியோடு கார் உற்பத்தியே நின்றுவிட்டது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் காப்பிக்கும் ரேஷன். தவணைக் கடனுக்கு அரசே கடிவாளம் போட்டிருந்தது. வாங்க ஒன்றும் இல்லாதபோது சேமிப்பது அவ்வளவு கடினமில்லை. போர் முடிந்ததும் அந்தப் பணம் மொத்தமும் குளிர்சாதனப் பெட்டியாகவும் காராகவும் வீடாகவும் மாறியது.

இதற்கு நேர் எதிராக ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து இரண்டு வாரம் கழித்து, சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் பேசினார். மக்கள் பயத்தை விட்டு விமானத்தில் ஏற வேண்டும், குடும்பத்தோடு ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை. மக்கள் செலவை நிறுத்தினால் பொருளாதாரம் படுத்துவிடும் நாடாக அது ஆகியிருந்தது. அவர் உள்ளதைச் சொன்னார்.

அப்படி ஆக்கியதில் ஒரு ஊருக்குப் பங்குண்டு. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்குக் கடனட்டைகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. உறையைப் பிரித்தால் 300 டாலர், 500 டாலர் கடன் தயாராக இருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் கட்டாமல் போவார்கள் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. 22 பேர் கட்டவில்லை. திட்டத்தை வகுத்த அதிகாரி பதவியை விட்டுப் போனார். ஆனால் அட்டை பிழைத்தது. 1976-இல் அதற்கு விசா என்று பெயர் வந்தது. கேட்காமல் அட்டை அனுப்புவதை 1970-இல் சட்டம் தடுக்கும் முன் மற்ற வங்கிகளும் நாடெங்கும் அதே வேலையைச் செய்து முடித்திருந்தன.

ஃப்ரெஸ்னோவில் ஊர்க் கடைக்காரர் கணக்கிலிருந்து விடுபட்டார். கடன் கொடுத்தவர் இனி முகம் தெரியாதவர். இதில் விடுதலையும் உண்டு என்பதைப் பெண்கள் சொல்வார்கள். 1974-இல் சமக்கடன் சட்டம் வரும்வரை, சம்பாதிக்கும் மனைவிகூடத் தன் பெயரில் கடன் கணக்குத் தொடங்கப் போனால் கணவர் கையெழுத்தைக் கேட்பது சாதாரணம். விதவையோ, விவாகரத்தானவரோ என்றால் பாடு இன்னும் மோசம். முகம் பார்த்துக் கடன் கொடுத்த காலத்தில் எந்த முகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் முடிவாகியிருந்தது.

வட்டிக்கு இருந்த வரம்பு உடைந்த விதம் அமெரிக்க வரலாற்றில் அதிகம் பேசப்படாத திருப்பம். கந்துவட்டியைத் தடுக்க மாநிலங்கள் உச்சவரம்பு வைத்திருந்தன. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி தான் இருக்கும் மாநிலத்தின் வட்டியை எந்த மாநில வாடிக்கையாளரிடமும் வசூலிக்கலாம் என்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் பணவீக்கத்தை ஒடுக்க வட்டி விண்ணுக்குப் போனது. நியூயார்க்கின் வரம்புக்குள் சிட்டிபேங்கின் அட்டைத் தொழில் மூச்சு முட்டியது. தெற்கு டகோட்டா மாநிலம் தன் வரம்பை நீக்கி வங்கியை அழைத்தது. சியூ ஃபால்ஸ் என்ற நகரத்துக்கு வேலைகள் வந்தன. நாட்டுக்கு வரம்பில்லா அட்டை வட்டி வந்தது. அண்மை ஆண்டுகளில் சராசரி அட்டை வட்டி 20 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. பிராங்க்ளின் தன் கைவினைஞர்களிடம் கேட்டது 5.

1989-இல் டாப்பனின் பேரேடு எண்ணாகச் சுருங்கியது. 300-இலிருந்து 850 வரை, ஃபைகோ என்ற கடன் மதிப்பெண். குடிப்பாரா, மாமனார் யார் என்ற கேள்வி இல்லை. தவணை தவறாமல் கட்டினாரா, எவ்வளவு காலமாகக் கடன் வாங்கி வருகிறார் என்பதே கேள்வி. வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்முன் இதைப் பார்க்கிறார். பல மாநிலங்களில் கார் காப்பீட்டுக்காரர்களும் கடன் வரலாற்றைப் பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள். ரொக்கத்திலேயே வாழ்ந்து ஒருவரிடமும் கைநீட்டாத ஆளுக்கு இதில் எண்ணே கிடையாது. கார்க் கடனை முழுசாக அடைத்தவருக்குச் சில நேரம் மதிப்பெண் கொஞ்சம் இறங்கவும் செய்யும். கடன் வாங்காமை சந்தேகத்துக்குரியதானது இந்தக் காலத்தின் புது விஷயம் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன்.

வெட்கம் போய்விட்டதா? ஆளைப் பொறுத்தது. டொனால்ட் ட்ரம்பின் கம்பெனிகள் பலமுறை திவால் பாதுகாப்புக்குப் போனதை 2016 தேர்தலில் எதிராளிகள் எடுத்துப் பேசினார்கள். சட்டம் கொடுத்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன் என்று அவர் பதில் சொன்னார். ஓட்டுப் போட்டவர்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ட்ரூமன் வகித்த அதே பதவி. மறுபக்கம், கல்லூரிக் கடனைக் கட்ட முடியாமல் நாற்பது வயதிலும் குறுகி நிற்கும் ஆசிரியரும் செவிலியரும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் நினைத்தாலும் அந்தக் கடனைத் திவால் மனுவில் தள்ளிவிடுவது சட்டப்படி மிகக் கடினம். 2022-இல் ஜோ பைடன் அரசு ஆளுக்கு 10,000 டாலர், ஏழை மாணவர் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தது. நான் வயிற்றைக் கட்டி அடைத்தேன், இவர்களுக்கு மட்டும் ஏன் என்று ஒரு பாதி நாடு கேட்டது. வங்கிகளையும் பெரிய கம்பெனிகளையும் கைதூக்கி விட்டபோது இந்தக் கேள்வி எங்கே போனது என்று மறுபாதி திருப்பிக் கேட்டது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

2024 முடிவில் அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தக் கடன் 18 லட்சம் கோடி டாலர். அட்டை, கார், கல்லூரி எல்லாம் சேர்ந்தும் அதில் சிறுபகுதிதான், பெரும்பகுதி வீட்டுக்கடன். இந்த அத்தியாயத்தில் அதை வேண்டுமென்றே தொடவில்லை. பாதி விலையைக் கையில் கொடுத்து, மீதியை ஐந்தாறு ஆண்டில் அடைக்க வேண்டியிருந்த வீட்டுக்கடன் 1930-களில் எப்படி நீண்ட காலத் தவணையாக மாறியது, அரசு வரைந்த வண்ண வரைபடங்களில் எந்தத் தெருக்களுக்குச் சிவப்பு பூசினார்கள், அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் யார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)